ஓடை நகர்ந்தால் பங்கு எல்லையும் நகருமா?

கேள்வி: நான் ஒரு பங்கின் பங்குத்தந்தை. என் பங்கை நிறுவிய ஆயரின் ஆணையில், மேற்கு எல்லை 'ஓடை வரை' என்று இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் அந்த ஓடையைக் கிழக்கே திருப்பிவிட்டார்கள். பழைய ஓடைத் தடத்துக்கும் இப்போதைய ஓடைக்கும் நடுவே வீடுகள் பெருகி, இன்று ஏறக்குறைய 140 கத்தோலிக்கக் குடும்பங்கள் இருக்கின்றன. இப்போது ஓடுகிற ஓடைதான் எல்லை என்கிறார் பக்கத்துப் பங்குத்தந்தை. ஆயரின் அனுமதியோடு அங்கே ஒரு சிற்றாலயமும் கட்டியிருக்கிறார். கடந்த ஓராண்டில் அதில் மூன்று திருமணங்களை நடத்தினார். சென்ற மாதம் ஒரு சாவு வீட்டில் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் போய் நின்று, குடும்பத்தார் முன் சங்கடமாகிவிட்டது. அந்தப் பகுதிக் குழந்தைகள் சிலரின் திருமுழுக்கு இரண்டு பங்குப் பதிவேடுகளிலும் ஏறியிருக்கிறது. என் பங்குப் பேரவையினர் 300 கையெழுத்து வாங்கி ஆயரிடம் போகலாம் என்கிறார்கள். எல்லை எங்களுடையதுதான் என்று எப்படி நிரூபிப்பது? அடுத்த மாதம் அங்கே ஒரு திருமுழுக்கும், அதன்பின் ஒரு திருமணமும் இருக்கின்றன.

பதில்: அன்புள்ள தந்தைக்கு,

எல்லையை நிரூபிக்கும் வழிக்குக் கட்டாயம் வருகிறேன். அதைவிட அவசரமான ஒன்றை நீங்கள் கடிதத்தின் நடுவில் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். மூன்று திருமணங்கள். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மற்ற எதில் தவறு நேர்ந்திருந்தாலும் பிறகு ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். திருமணத்தில் மட்டும் எல்லைக்கோடு அந்தத் தம்பதியரின் வாழ்க்கைக்குள் புகுந்துவிடுகிறது.

திருச்சபைச் சட்டத் தொகுப்பில் சட்டம் 1108, 1109 இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். பங்குத்தந்தை தம் எல்லைக்குள் நடத்தும் திருமணம் செல்லும். மணமக்கள் வேறு பங்கைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும், இருவரில் ஒருவர் இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்தவராக இருந்தால் போதும். அதே பங்குத்தந்தை எல்லை தாண்டிப் போய், உரிய அதிகாரம் பெறாமல், தம் சொந்தப் பங்கு மக்களுக்கே திருமணம் மந்திரித்தாலும் அது செல்லாது. எங்கே நடந்தது என்பதை வைத்துத்தான் செல்லுமா, செல்லாதா என்று முடிவாகிறது. யாருடைய மக்கள் என்பது முறையாக நடந்ததா என்ற கேள்விக்கு மட்டுமே உதவும். 1563இல் திரெந்து பொதுச்சங்கம் ஏற்படுத்திய ஒழுங்கில் நிலைமை நேர்மாறாக இருந்தது. அன்று பங்குத்தந்தை தம் மக்களுக்கு எங்கே வேண்டுமானாலும் மந்திரிக்கலாம். 1907இல் வெளிவந்து 1908 உயிர்ப்புப் பெருவிழா முதல் நடைமுறைக்கு வந்த 'நே தெமெரே' என்ற திருப்பீட ஆணைதான் இதை நிலப்பரப்போடு கட்டியது. 'என் மக்களுக்குத்தானே செய்தேன்' என்று உங்கள் பக்கத்துப் பங்குத்தந்தை சொன்னால், அது நூறு ஆண்டுகளுக்கு முன்பே வழக்கொழிந்த வாதம்.

அப்படியானால் அந்த மூன்று திருமணங்களும் செல்லாதவையா? அந்த முடிவுக்கு நீங்கள் வரக் கூடாது. தயவுசெய்து அந்தத் தம்பதியரிடம் ஒரு வார்த்தையும் இது பற்றிச் சொல்லவும் கூடாது. சட்டம் 144 இருக்கிறது. சட்டம் பற்றியோ நடந்த செய்தி பற்றியோ நியாயமான, அடிப்படையுள்ள ஐயம் இருக்கும்போதும், மக்கள் எல்லாரும் பொதுவாகத் தவறாக நம்பியிருக்கும்போதும், குறைகிற அதிகாரத்தைத் திருச்சபையே ஈடுசெய்கிறது. இந்த விதி திருமணம் நடத்தும் அதிகாரத்துக்கும் பொருந்தும் என்று அதன் இரண்டாம் பத்தி வெளிப்படையாகவே சொல்கிறது. ஆணையில் 'ஓடை' என்று இருக்கிறது. கண்முன் ஓர் ஓடை ஓடுகிறது. ஆயரின் அனுமதியோடு சிற்றாலயமும் எழும்பியிருக்கிறது. இவை சேர்ந்தால் பக்கத்துப் பங்குத்தந்தையின் ஐயத்துக்கு அடிப்படையே இல்லை என்று எவரும் எளிதில் சொல்லிவிட முடியாது. மேலும், ஐயம் எழும்போது திருமணம் செல்லும் என்றே கொள்ள வேண்டும் என்கிறது சட்டம் 1060.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். மூன்று திருமணங்களின் நாள், இடம், நடத்தியவர், சாட்சிகள், அந்த நாளில் அவர் கையில் ஏதேனும் அதிகாரக் கடிதம் இருந்ததா என்ற விவரம் இவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதி, ஆயரகத்துக்கு மூடிய உறையில் அனுப்புங்கள். கருத்து எதுவும் சேர்க்க வேண்டாம். குறை உண்டு என்று அங்கே முடிவானாலும் வழி இருக்கிறது. மணமக்களின் சம்மதம் நிலைத்திருக்கும்வரை, அதை மறுபடி வெளிப்படுத்தச் சொல்லாமலேயே அத்திருமணத்தை அடியிலிருந்து செல்லத்தக்கதாக்க மறைமாவட்ட ஆயரால் முடியும். சட்டம் 1161 முதல் 1165 வரை இதைப் பற்றியவைதான். கனத்த காரணம் இருந்தால் தம்பதியருக்குத் தெரியாமலேயே இதைச் செய்யலாம்.

இனி நடக்கப்போகும் திருமணங்களுக்கு இன்றே ஒரு பாதுகாப்பு வேண்டும். சட்டம் 1111இன்படி தலத்திருச்சபை ஆளுநரும் (ஆயர், முதன்மைக் குரு போன்றோர்) பங்குத்தந்தையும் தம் எல்லைக்குள் திருமணம் நடத்தும் அதிகாரத்தைப் பிறருக்கு அளிக்கலாம். பொதுவாக அளிப்பதானால் அது எழுத்தில் இருக்க வேண்டும். இன்னாருக்கு என்று பெயரும் குறிப்பிட வேண்டும். நீங்களும் அவரும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்ளலாம்தான். ஆனால், 'உமக்கு அதிகாரம் தருகிறேன்' என்று எழுதுவதே எல்லையை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று இருவரும் தயங்குவீர்கள். அந்தத் தயக்கத்திலேயே மாதங்கள் ஓடிவிடும். எனவே ஆயரிடமோ முதன்மைக் குருவிடமோ ஒரே கடிதம் கேளுங்கள்: 'பழைய ஓடைத் தடத்துக்கும் இன்றைய ஓடைக்கும் இடைப்பட்ட பகுதியில், எல்லை உறுதியாகும்வரை, இவ்விரு பங்குத்தந்தையருக்கும் திருமணம் நடத்தும் பொது அதிகாரத்தை அளிக்கிறோம். இது எவருடைய எல்லை உரிமையையும் கூட்டாது, குறைக்காது.' கீழே இருவர் பெயரும் நாளும் இருக்கட்டும். பெயர் குறித்துத் தரும் அதிகாரம் என்பதால், உங்களில் ஒருவர் மாற்றலானால் புதிதாக வருபவருக்கு வேறு கடிதம் வாங்க வேண்டும். பொறுப்பு ஒப்படைக்கும் குறிப்பில் இதை மறக்காமல் எழுதிவையுங்கள். பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நூல் அறுந்துபோகிறது.

இப்போது ஓடைக்கு வருகிறேன். ஓடை நகர்ந்ததால் எல்லை நகராது என்பதே என் தெளிவான கருத்து. பங்கை நிறுவவும் நீக்கவும் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றவும் மறைமாவட்ட ஆயர் ஒருவருக்கே அதிகாரம் உண்டு என்கிறது சட்டம் 515. ஆயர் கையெழுத்திட்ட நாளில் ஓடை எங்கே ஓடியதோ அதைத்தான் அவர் எல்லையாகக் குறித்தார். பின்னால் மண்வெட்டியும் இயந்திரமும் வந்து தண்ணீரைத் திருப்பியதால் ஆயரின் ஆணை திருத்தப்பட்டதாக ஆகாது.

பக்கத்துப் பங்குத்தந்தை தரப்பில் ஒரு வாதம் எழலாம், அதற்கும் தயாராக இருங்கள்: 'இத்தனை ஆண்டுகளாக நாங்கள்தானே பார்த்துக்கொள்கிறோம்?' ஐயத்துக்கிடமற்ற உறுதியான எல்லைகள் காலப்போக்கில் அனுபவ உரிமையால் மாறாது என்று சட்டம் 199 சொல்கிறது. இதில் 'உறுதியான' என்ற சொல்லைக் கவனியுங்கள். பழைய தடம் எங்கே ஓடியது என்றே காட்ட முடியாமல் போனால் எல்லை ஐயத்துக்குரியதாகிவிடும். நெடுங்கால வழக்கமும் எடைக்கு வந்துவிடும். ஆகவே உங்கள் வேலை பழைய தடத்தைக் கண்டுபிடிப்பதுதான்.

முதலில், உங்கள் பங்கை நிறுவிய ஆணையின் மூலப்படியை ஆயரக ஆவணக் காப்பகத்தில் பாருங்கள். பங்கில் இருக்கும் தட்டச்சுப் பிரதியை நம்ப வேண்டாம். படியெடுத்தபோது ஒரு வரி விடுபட்டிருக்கலாம். பிறகு அடுத்த பங்கின் ஆணையையும், இரண்டும் பிரிந்துவந்த தாய்ப்பங்கின் ஆணையையும் பாருங்கள். உங்கள் ஆணை 'மேற்கே ஓடை' என்றால் அவருடையது 'கிழக்கே' எதைச் சொல்கிறது? இரண்டும் ஒரே கோட்டைச் சொல்லவில்லை என்றால், இரண்டுக்கும் உரியதாக ஒரு துண்டோ, இரண்டிலும் சேராத ஒரு துண்டோ முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது என்று பொருள். அடுத்து, ஆணை வெளியான காலத்துக்கு மிக நெருங்கிய அரசு நில அளவை வரைபடம். பழைய ஓடைப் படுகை அதில் தனி அளவை எண்ணோடு இருக்கும் வாய்ப்பு அதிகம். வான்வழிப் படங்கள் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஆணையோடு வரைபடம் இணைத்திருந்தால் அதன் அளவுவிகிதத்தைப் பாருங்கள். 1:25,000 அளவுள்ள படத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பேனாக்கோடு, தரையில் 25 மீட்டர். அந்தக் கோட்டுக்குள்ளேயே ஒரு தெருவும் இரு பக்க வீடுகளும் அடங்கிவிடும். 1:50,000 என்றால் 50 மீட்டர். கோட்டின் இந்த ஓரமா அந்த ஓரமா என்று மேசையில் குனிந்து உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வாதிடுவதில் பயனில்லை. அந்தப் படம் அவ்வளவு நுணுக்கமாகப் பேசுவதற்கென்று வரையப்பட்டதே அல்ல. எழுத்தில் உள்ளதே முதன்மை என்று எடுத்துக்கொண்டு வரைபடத்தைத் துணையாக வையுங்கள்.

அதன்பின் பதிவேடுகள். இவற்றுள் மிகவும் வலுவான சான்று பழைய அனுமதிக் கடிதங்கள்தான். முன்னாள் பங்குத்தந்தை ஒருவர் அந்தப் பகுதியில் ஒரு திருமணம் நடத்த மற்றவரிடம் எழுத்தில் அனுமதி கேட்டிருந்தால், அது எல்லையை ஒப்புக்கொண்ட சாட்சி. திருமண முன்விசாரணைக் கோப்புகளில் இவை கிடைக்கும். ஆயரின் பங்குச் சந்திப்பு அறிக்கைகளும் நல்ல சான்று. சிற்றாலயத்துக்கு ஆயர் கொடுத்த அனுமதிக் கடிதத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும். 'இன்ன பங்கின் எல்லைக்குள்' என்று அதில் இருந்தால் அது உங்களுக்கு எதிராகவும் நிற்கலாம். தெரிந்துகொண்டு போவது நல்லது. வீடு மந்திரித்தது, சந்தா வாங்கியது, அந்தக் குடும்பங்கள் எங்கே ஞாயிறு திருப்பலிக்குப் போகின்றன என்பவையெல்லாம் மெலிந்த சான்றுகள். ஞாயிறு கடன் எந்தக் கத்தோலிக்க ஆலயத்திலும் நிறைவேறும். மக்கள் எந்த ஆலயத்தில் உட்காருகிறார்கள் என்பது எல்லையைக் காட்டாது. சட்டம் 107இன்படி உறைவிடத்தை வைத்துத்தான் ஒருவருக்குச் சொந்தப் பங்குத்தந்தை அமைகிறார். நிலையாக வாழும் எண்ணத்தோடு குடிவந்தாலே உறைவிடம் உண்டு. மூன்று மாதம் தங்கியிருந்தாலும், தங்கும் எண்ணத்தோடு வந்தாலும், அரை உறைவிடம் கிடைக்கும்.

அந்த 300 கையெழுத்து வேண்டாம், தந்தையே. அவர்கள் 300 பேர் வாங்கினால் எதிர்ப்பக்கம் 400 பேர் வாங்குவார்கள். எல்லை எங்கே என்பது கையெழுத்தால் முடிவாகும் செய்தி அல்ல. அண்டை வீட்டாராக வாழும் இரண்டு குடும்பங்களை எதிரெதிர்த் தாள்களில் பெயர் எழுத வைத்துவிட்டால், தீர்ப்பு வந்த பிறகும் அந்தத் தாள்கள் அவர்களுக்கிடையே கிடக்கும். மறையுரையிலோ அறிவிப்பிலோ பங்கின் வாட்ஸ்அப் குழுவிலோ இதைப் பற்றி ஒரு சொல்லும் வர வேண்டாம். மக்களின் தேவைகளை, அதாவது பாலம் இல்லை, முதியோரால் வர முடியவில்லை போன்றவற்றை, ஆயருக்குத் தெரிவிக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. அதை அவரவர் தனியாக எழுதட்டும்.

சாவு வீட்டில் நடந்தது மறுபடி நடக்காமலிருக்க, மறைவட்ட முதல்வர் (அருகருகே உள்ள பங்குகளின் குழுவுக்குத் தலைவரான குரு) முன்னிலையில் ஒரு பக்கத்துக்கு மிகாத இடைக்கால உடன்பாடு எழுதிக்கொள்ளுங்கள். நோயாளியைச் சந்திக்க, யாரை முதலில் அழைக்கிறார்களோ அவர் போக வேண்டும். சாகும் தறுவாயில் இருப்பவர் முன் எல்லை கிடையாது. அடக்கத்தைப் பொறுத்தவரை, இறந்தவரோ அவர் சார்பில் குடும்பமோ தேர்ந்த ஆலயத்தில் அந்த ஆலயப் பொறுப்பாளரின் சம்மதத்தோடு நடத்தலாம். இறந்தவரின் பங்குத்தந்தைக்குத் தெரிவித்தால் போதும் என்கிறது சட்டம் 1177. எல்லை தெளிவாகும்வரை மற்றவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான். காணிக்கை விஷயத்தில் இருவருக்கும் மனக்கசப்பு வளரும். சட்டம் 531இன்படி, பங்குப் பணியின்போது கிடைக்கும் காணிக்கை, கொடுத்தவரின் எண்ணம் வேறு என்று தெளிவாகத் தெரிந்தாலன்றி, யார் பணி செய்தாலும் பங்கு நிதிக்கே உரியது. எந்தப் பங்கு என்பதே தெரியாத இந்த இடைக்காலத்தில் அதைத் தனிக் கணக்கில் வைத்து, இருவர் கையொப்பமும் இருந்தால்தான் எடுக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு வந்தபின் அப்படியே மாற்றிவிடலாம்.

இரண்டு பதிவேடுகளில் ஒரே திருமுழுக்கு ஏறியிருப்பதைச் சிறிய பிழையாக எண்ண வேண்டாம். ஒருவருடைய உறுதிப்பூசுதலும் திருமணமும் திருமுழுக்குப் பதிவின் ஓரத்தில் குறிக்கப்படுகின்றன. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளையின் திருமணம் ஒரு பதிவேட்டின் ஓரத்தில் ஏறும். மற்றப் பதிவேட்டின் ஓரம் வெறுமையாக இருக்கும். அந்த வெறும் ஓரத்திலிருந்து எடுத்த சான்றிதழ் அவரை மணமாகாதவர் என்று காட்டும். அதை வைத்து இரண்டாம் திருமணத்துக்கு யாரும் விண்ணப்பிக்கலாம். சட்டம் 877இன்படி, திருமுழுக்கு எந்த இடத்தில் நடந்ததோ அந்தப் பங்குத்தந்தையின் பதிவேட்டில்தான் அது ஏற வேண்டும். எந்த ஆலயத் தொட்டியில் நடந்தது என்று ஒவ்வொன்றாக இருவரும் சேர்ந்து சரிபாருங்கள். நடந்தது அந்தச் சிற்றாலயத்தில் என்றால், எந்தப் பதிவு நிற்பது என்று ஆயரகம் சொல்லட்டும். மிகையான பதிவை அடிக்கவோ கிழிக்கவோ வெள்ளை மை பூசவோ கூடாது. ஆயரகத்தின் எழுத்து அனுமதி பெற்று, ஓரத்தில் 'மூலப்பதிவு இன்ன பங்கில், இன்ன எண்ணில். இதிலிருந்து சான்றிதழ் தர வேண்டாம்' என்று எழுதிக் கையொப்பமும் முத்திரையும் இடுங்கள். நாளை அந்தப் பகுதி யாருக்குப் போனாலும் பழைய பதிவேடுகள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். பக்கங்களைப் பிரித்துக் கொடுக்க வேண்டாம்.

ஆயருக்கான விண்ணப்பத்தை முடிந்தால் இருவரும் சேர்ந்தே எழுதுங்கள். ஒத்துப்போகும் செய்திகள் ஒரு பத்தி, வேறுபடும் புள்ளிகள் ஒரு பத்தி, இணைப்பாக ஆவணங்கள். கேட்க வேண்டியதைத் துல்லியமாகக் கேளுங்கள்: இருக்கும் எல்லையை விளக்கி உறுதிசெய்யும் ஆணையா, எல்லையை மாற்றும் ஆணையா? இரண்டும் வெவ்வேறு. விளக்கும் ஆணை 'முதலிலிருந்தே இப்படித்தான்' என்று சொல்வதால் அந்த மூன்று திருமணங்கள் வரை பின்னோக்கிப் போய்த் தொடும். மாற்றும் ஆணை தெரிவிக்கப்பட்டபின் நடப்பவற்றை மட்டுமே ஆளும். மாற்றம் குறிப்பிடத்தக்கது என்றால் ஆயர் முதலில் குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்டாக வேண்டும். மன்றத்தின் கருத்து அவரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கேட்காமலே செய்தால் சட்டம் 127இன்படி அந்த ஆணையே செல்லாது. 140 குடும்பங்கள் என்பது சிறிய திருத்தம் அல்ல. மன்றத்தில் வைப்பதே பாதுகாப்பு.

வெளிப்படையாக ஒன்று சொல்கிறேன். ஆவணங்கள் உங்கள் பக்கம் பேசலாம். பழைய எல்லை உங்களுடையது என்று உறுதியும் ஆகலாம். அதற்குப் பிறகும், இன்றைய ஓடை அந்த மக்களை உங்கள் ஆலயத்திலிருந்து பிரித்துவைக்கிறது என்றால், எல்லையை மாற்றச் சொல்லி ஆயரிடம் கேட்கும் முதல் ஆளாக நீங்கள் இருக்கலாம். அப்படிக் கேட்பதால் உங்கள் பங்குக்கு இழுக்கு வராது.

புதிய ஆணை எப்படி எழுதப்படுகிறது என்பதிலும் ஆயரகத்துக்கு உதவுங்கள். 'ஓடை', 'சாலை' என்று மொட்டையாக எழுதினால் இதே சண்டை அடுத்த தலைமுறைக்கும் போகும். ஒரு முனையில் தொடங்கி வலச்சுற்றாக, ஒவ்வொரு திருப்பத்துக்கும் அளவை எண்ணோ புவி ஆயத்தொலையோ கொடுக்க வேண்டும். 'இன்ன நாளில் இருந்தபடி' என்ற சொற்கள் இருக்க வேண்டும். தெருவின் நடுக்கோட்டை எல்லையாக்குவதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். எதிரெதிர் வீட்டார் வெவ்வேறு பங்காகிவிடுவார்கள். தெருவின் இரு பக்கத்தையும் ஒரே பங்கில் வைத்து, வீடுகளின் பின்சுவரை எல்லையாக்குவது நல்லது. அடுக்குமாடி வளாகம் குறுக்கே வந்தால் முதன்மை வாயில் எந்தப் பக்கமோ அந்தப் பங்கில் முழுவதையும் சேர்க்க வேண்டும். தெருப்பட்டியல் ஒன்று இணைக்க வேண்டும். எழுத்தும் படமும் முரண்பட்டால் எது செல்லும் என்பதையும் ஆணையிலேயே சொல்லிவிட வேண்டும். சிற்றாலயத்தின் நிலமும் கட்டடமும் எல்லையோடு தாமாகப் போய்விடாது. முறைப்படி ஈட்டிய பங்குக்கே அவை சொந்தம். ஆகவே அதற்குத் தனிப் பத்தி வேண்டும்.

முடிவில் உங்களுக்கு உடன்பாடில்லை என்றால், ஆணை கையில் கிடைத்த நாளிலிருந்து 10 பயன்நாள்களுக்குள் (செயல்பட முடியாத நாள்கள் இதில் சேராது) அதைத் திருத்தவோ திரும்பப் பெறவோ கேட்டு ஆயருக்கே எழுத வேண்டும். அவருக்கு 30 நாள். மறுத்தாலோ பதில் இல்லை என்றாலோ, அடுத்த 15 பயன்நாள்களுக்குள் மேல்முறையீடு. அது அருள்பணியாளர்களுக்கான திருப்பீடத் துறைக்குப் போகும். முதல் படியைத் தாண்டி நேரே உரோமைக்கு எழுதினால் திரும்பி வந்துவிடும். நாள் கணக்கும் தவறிப்போகும். உறையில் அஞ்சல் முத்திரை தெரியும்படி வைத்திருங்கள்.

அடுத்த மாதத் திருமுழுக்கு, இரண்டு பங்கு ஆலயங்களில் அந்தக் குடும்பம் எதைக் கேட்கிறதோ அங்கே நடக்கட்டும். சிற்றாலயத்தில் வேண்டாம், எல்லை ஐயமே இல்லாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடத்தாதவர் ஒரு வரி எழுதட்டும்: 'எனக்கு உடன்பாடே.' நடந்த இடத்துப் பதிவேட்டில் மட்டும் ஏறட்டும். திருமணத்துக்கும் இதே வழிதான். ஆயரின் அதிகாரக் கடிதம் அதற்குள் வந்து சேராவிட்டால், பங்கு ஆலயம் ஒன்றிலேயே நடத்தச் சொல்லுங்கள். மணமக்கள் அழைப்பிதழ் அச்சிடும் முன்பே அந்த ஆலயத்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள்.